ஜியொங்: ஒரு கொரியப் பெயரின் பொருளும் வரலாறும்

பெற்றோர் தம் மகவுக்கு முதன்முதல் வழங்கும் செல்வம் பெயரே யாகும். பொன்னும் பொருளும் இல்லாத குடிலிலும் இச்செல்வத்திற்குக் குறைவில்லை. ஒரு நாட்டார் தம் மக்களுக்கு எவ்வெப் பெயர்களை விரும்பி இட்டனர், எவற்றைக் கைவிட்டனர், யாருக்குப் பெயர் வழங்காது விட்டனர் என்று ஆராய்வோமாயின், அரசர் வரிசையும் போர்க்கணக்கும் கூறாத பல செய்திகள் நமக்குப் புலனாகும். இக்கருத்தினை உளங்கொண்டு, தென் கொரியாவில் பெரிதும் பயின்று வழங்கும் பெண்பாற் பெயர்களுள் ஒன்றாகிய 'ஜியொங்' என்பதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். 1970-களின் பிற்பகுதியிலும் 1980-களிலும் அந்நாட்டிற் பிறந்த பெண்மக்களிடையே இப்பெயர் பெருவழக்காயிருந்தது. பலரும் அறிந்த பெயராகலின் அதன் வரலாறும் பலரும் அறிந்ததே என்று கருதலாகாது.

பெயரின் அமைப்பு

கொரியர் பெயர் பெரும்பாலும் மூன்று அசைகளால் ஆயது. முதலசை குடிப்பெயர்; பின்னிரண்டு அசைகளும் சேர்ந்து ஒருவர்க்கு இடப்பெற்ற சொந்தப் பெயராகும். 'கிம் ஜியொங்' என்புழிக் 'கிம்' என்பது தந்தை வழியே வந்த குடிப்பெயர். 'ஜியொங்' என்பது அவளுக்கே உரிய பெயர். மணம் புரிந்த பின்னரும் கொரியப் பெண் தன் குடிப்பெயரை மாற்றிக்கொள்வதில்லை. கிம் குடியிற் பிறந்தவள் லீ குடியிற் புக்கு வாழினும் இறுதிவரை கிம் என்றே வழங்கப்பெறுவாள்.

குடிப்பெயர்கள் மிகச் சிலவே. 2015-ஆம் ஆண்டின் மக்கட் கணக்கின்படி தென் கொரியரில் நூற்றுக்கு 21-க்கு மேற்பட்டோர் கிம் குடியினர். ஏறத்தாழ 15 பேர் லீ குடியினர். 8 பேருக்குச் சற்று மேற்பட்டோர் பாக் குடியினர். இம்மூன்று குடிகளுமே நாட்டு மக்களில் நூற்றுக்கு 44 பேரைத் தம்முள் அடக்கிக்கொண்டன. ஆகவே ஒருவரை மற்றொருவரின் வேறாகப் பிரித்துக் காட்டும் பொறுப்பு முழுவதும் பின்வரும் ஈரசைகளின்மேல் விழுகின்றது. அவ்வீரசைகளும் பலர்க்குப் பொதுவாகிவிடின் என்னாகும் என்பதனைப் பின்னர்க் காண்போம்.

ஒலியைப் பற்றி ஒரு சொல். இரண்டாம் அசையிலுள்ள உயிரொலி அகரத்திற்கும் ஒகரத்திற்கும் இடைப்பட்டது. இதழ் குவியாமல் ஒலிப்பது. நம் நெடுங்கணக்கில் இதற்கு நேரான எழுத்தில்லை யாகலின் 'யொங்' என்று எழுதுகின்றோம். இதழைக் குவித்து 'யோங்' என்று கூறிவிடின் அது வேறொரு சொல்லாய்விடும். அச்சொல் பெரும்பாலும் பறவைநாகத்தைக் குறிக்கும். ஜி-டிராகன் என்று உலகெங்கும் அறியப்பட்ட கொரியப் பாடகரின் இயற்பெயர் 'ஜியோங்' என்பதாகும். அப்பெயரின் ஈற்றசையே ஆங்கிலத்தில் நாகமாயிற்று. நம் பெயரோ அதனின் வேறு. ஆங்கிலத்தில் இவ்வசையை 'யங்' என்று ஒலிக்குமாறு எழுதும் வழக்குண்மையின், இதற்கு 'இளமை' என்பது பொருள் போலும் என்று மயங்குவாரும் உளர். அம்மயக்கம் எழுத்தினால் வந்தது. கொரிய மொழியில் அதற்கு இடமில்லை.

ஒலி ஒன்று, எழுத்துப் பல

அங்ஙனமாயின் 'ஜியொங்' என்பதன் பொருள் யாது? இவ்வினாவிற்கு ஒரே விடை இல்லை என்பதே உண்மையான விடை. கொரியப் பெயர்களுட் பெரும்பாலன சீன எழுத்துக்களால் ஆயவை. சீன எழுத்து ஒவ்வொன்றும் ஓர் ஒலியையும் ஒரு பொருளையும் உடையது. சீன மொழியில் ஏற்ற இறக்க இசைகளால் வேறுபட்ட பல சொற்கள், அவ்விசை வேறுபாடு இல்லாத கொரிய மொழியில் வந்து புகுந்தபோது ஒரே ஒலியுடையன ஆயின. ஆகவே 'ஜி' என்று ஒலிக்கும் எழுத்துக்கள் பல. 'யொங்' என்று ஒலிக்கும் எழுத்துக்களும் பல.

'ஜி' என்னும் எழுத்துக்களுட் சிலவற்றைக் காண்போம். ஞானம் என்று பொருள்படுவது ஒன்று. அறிதல் என்று பொருள்படுவது ஒன்று. அறிதலைக் குறிக்கும் எழுத்து அம்பு, வாய் என்னும் இரண்டு உருவங்களால் ஆயது. ஞானத்தைக் குறிக்கும் எழுத்து அதன்கீழ் மற்றோர் உறுப்பையும் சேர்த்துக்கொண்டது. மூன்றாவது, உறுதி அல்லது உள்ளக்கோள் என்று பொருள்படும் எழுத்து. இதன் கீழ்ப்பகுதி நெஞ்சைக் குறிக்கும். மேற்பகுதி இன்று கற்றோனைக் குறிக்கும் உருவம்போற் காணப்படினும், பழைய வடிவில் அது 'செல்லுதல்' என்னும் எழுத்தாயிருந்தது. நெஞ்சம் செல்லும் திசையே உள்ளக்கோள் என்று முன்னையோர் கருதினர் போலும். இவையன்றி நறுமூலிகை, மரக்கிளை, குளம் என்னும் பொருளுடைய 'ஜி'களும் உள.

இனி 'யொங்' என்பதனை நோக்குவோம். பெண்மக்கள் பெயரிற் பெரிதும் வரும் எழுத்து, புல்லைக் குறிக்கும் உறுப்பைத் தலையில் உடையது. மலர் என்பது அதன் முதற்பொருள். மலர் செடியின் சிறந்த பகுதியாகலின் மக்களுட் சிறந்தோரையும் அவ்வெழுத்தே குறிப்பதாயிற்று. வீரரைக் குறிக்கும் கொரியச் சொல்லிலும் இதுவே முதலெழுத்து. இங்கிலாந்து நாட்டையும் ஆங்கில மொழியையும் கொரியர் எழுதுவதும் இவ்வெழுத்தாலேதான். அங்கே அது பொருள் நோக்காது ஒலி ஒப்புமைபற்றிக் கொள்ளப்பட்டது. வேறொரு 'யொங்' சீரும் சிறப்பும் என்று பொருள்படும். மற்றொன்று நெடிது ஓடும் ஆற்றின் உருவத்தினின்று பிறந்து, என்றும் நிலைத்தலைக் குறிப்பது. பிறிதொன்று கதிரொளி படிந்து விளங்குதலைக் குறிப்பது. இன்னுமொன்று மணியின் ஒளியைக் குறிப்பது.

நான்கு 'ஜி'களையும் நான்கு 'யொங்'குகளையும் மட்டும் எடுத்துக் கூட்டினும் பதினாறு பெயர்கள் தோன்றும். அவை அனைத்தும் செவிக்கு ஒன்றே. ஒரு ஜியொங் 'ஞானமலர்'. மற்றொருத்தி 'உறுதியாற் சிறந்தவள்'. வேறொருத்தி 'நிலைபெற்ற அறிவு'. 1963-இற் பிறந்த புகழ்பெற்ற புதின ஆசிரியை கோங் ஜியொங் தம் பெயரை எழுதும் எழுத்துக்களோ 'மரக்கிளை', 'நீந்துதல்' என்னும் பொருளுடையன. இதனால் ஒருவர் பெயரின் பொருளை அறிய விரும்பும் கொரியர், 'உம் பெயர் எவ்வெழுத்து?' என்று கேட்பர். அதற்கு விடை கூறுவோர், எழுத்தின் பொருளையும் ஒலியையும் சேர்த்து, 'உள்ளக்கோள் ஜி, மலர் யொங்' என்றாற்போலக் கூறுவர். எழுத்தைக் கேளாது பொருள் கூறப் புகுதல், உறையைக் கண்டு ஓலையைப் படித்ததாகக் கொள்வதை ஒக்கும்.

எழுத்துக்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைக்கும் ஓர் எல்லை உண்டு. பெயர்களில் வழங்கத்தக்க சீன எழுத்துக்களின் பட்டியலொன்றைத் தென் கொரிய உச்ச நீதிமன்றம் வகுத்துள்ளது; 1991-இல் நடைமுறைக்கு வந்த இப்பட்டியல் பன்முறை விரிக்கப்பெற்று, 2015-இல் 8,142 எழுத்துக்களை உடையதாயிற்று. இப்பெருந்தொகுதியிலிருந்து மகவுக்குரிய எழுத்துக்களைத் தெரிந்துகொள்ளப் பாட்டனாரை நாடுவோரும், பெயர் வகுத்துத் தருவதையே தொழிலாகக் கொண்ட நிலையங்களை நாடுவோரும் உளர். அந்நிலையத்தார் பிறந்த ஆண்டு, திங்கள், நாள், நாழிகை ஆகியவற்றைக் கணித்து, எழுத்துக்களின் கோடுகளை எண்ணி, மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்னும் ஐம்பொருள்களுட் குறைந்ததனைப் பெயரால் நிறைவு செய்ய முயல்வர்.

சீன எழுத்து புகுந்த வழி

கொரியர் தொடக்கந்தொட்டே சீன எழுத்தாற் பெயர் இட்டவர் அல்லர். பண்டைச் சில்லா நாட்டுப் பெருமக்களின் பெயர்கள் தாய்மொழிச் சொற்களாகவே இருந்தன. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த 'கொச்சில்பு' என்னும் சில்லா அமைச்சரின் பெயர், ஒலி நோக்கிச் சில சீன எழுத்துக்களாலும், பொருள் நோக்கி 'ஹ்வாங்ஜோங்' என்று வேறு சில எழுத்துக்களாலும் எழுதப்பட்டுள்ளது. முதல் வடிவின் முன்பகுதி கொரிய மொழியில் 'கரடுமுரடான' என்று பொருள்படும். இரண்டாம் வடிவின் முதலெழுத்தும் அப்பொருளையே தருவது. தாய்மொழிப் பெயரொன்று அயல்மொழி ஆடை அணியத் தொடங்கிய காலத்தை இவ்விரு வடிவங்களும் நமக்குக் காட்டுகின்றன.

பின்னர்ச் சீனக் கல்வியும் சீன முறைத் தேர்வுகளும் நாட்டில் வேரூன்றின. கொரியோ அரசு 1055-ஆம் ஆண்டில் குடிப்பெயர் இல்லாதார் அரசியல் தேர்வு எழுதலாகாது என்று விதித்தது. பதவி விரும்பியோர் அனைவரும் சீன முறையிற் பெயர் பூண்டனர். 1392-இல் தோன்றிய சோசொன் அரசின் காலத்திற் கன்பூசியரின் கொள்கைகள் இல்லந்தோறும் பரவின. உடன்பிறந்தாரும் தந்தையுடன் பிறந்தார் மைந்தரும் ஒரே தலைமுறையினர் என்பது விளங்க, அவர்கள் பெயரில் ஓரெழுத்தைப் பொதுவாக வைக்கும் முறை வலுப்பெற்றது. மரம் நெருப்பைப் பிறப்பிக்கும், நெருப்பு மண்ணைப் பிறப்பிக்கும் என்ற முறைப்படி, ஒரு தலைமுறையின் எழுத்தில் மரத்தின் உறுப்பும், அடுத்த தலைமுறையின் எழுத்தில் நெருப்பின் உறுப்பும் அமைய வகுத்தனர். பெயரைக் கண்ட அளவில் இன்னார் இத்தனையாவது தலைமுறையினர் என்று கூறலாம். அரியதோர் ஒழுங்கு இது. ஆயின் இவ்வொழுங்கு பெரும்பாலும் ஆண்மக்களுக்கே உரியதாயிருந்தது.

பெயர் எழுதப்படாத பெண்டிர்

சோசொன் காலத்துக் குடிவழி ஏடுகளைப் புரட்டின், மகன் பிறந்த இடத்தில் மகனுடைய பெயரும், மகள் பிறந்த இடத்தில் அவளை மணந்தவனுடைய பெயரும் எழுதப்பட்டிருத்தலைக் காணலாம். சிறுமியாயிருந்தபோது வீட்டார் வழங்கிய செல்லப்பெயர் மணம் முடிந்தவுடன் மறையும். அதன்பின் அவள் பிறந்த ஊரின் பெயரால் 'இன்ன ஊரினள்' என்றோ, மகவின் பெயரால் 'இன்னார் தாய்' என்றோ அழைக்கப்படுவாள். கல்லறையிலும் 'கிம் குடியினள்' என்னும் அளவே எஞ்சும்.

புகழ்பெற்றோரும் இதற்கு விலக்கல்லர். ஓவியத்திலும் கவிதையிலும் சிறந்த ஷின் சாயிம்தாங் அம்மையார் (1504–1551) உருவம் 2009-ஆம் ஆண்டு முதல் தென் கொரியாவின் 50,000 வொன் தாளில் விளங்குகின்றது. ஆயினும் 'சாயிம்தாங்' என்பது அவர்க்குப் பெற்றோர் இட்ட பெயரன்று. பண்டைச் சீன மன்னர் ஒருவரின் நற்றாயாகிய தாயிம் என்பாளை முன்மாதிரியாகக் கொள்ளுதல் என்னும் கருத்தமைந்த சிறப்புப் பெயர். ஹொ நான்சொல்ஹொன் என்னும் கவியரசியும் (1563–1589) சிறப்புப் பெயராலேயே அறியப்படுகின்றார். அவர்தம் சொந்தப் பெயர் 'சோஹுயி' என்பது ஏட்டில் நின்றமை அக்காலத்தில் அரிய பேறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நிலை மாறத் தொடங்கிற்று. 1886-இல் மேரி ஸ்க்ராண்டன் அம்மையார் சியோல் நகரிற் பெண்களுக்கென ஒரு பள்ளியை நிறுவினார். 1887-இல் அரண்மனையினின்று அதற்கு 'இஹ்வா', அஃதாவது 'பேரி மரத்து மலர்', என்னும் பெயர் வழங்கப்பெற்றது. அங்குப் பயின்ற தொடக்க கால மாணவியருள் ஒருவர் கிம் ஜொம்தொங். திருமுழுக்கின்போது அவர் எஸ்தர் ஆனார். பின்னர் அமெரிக்க முறைப்படி கணவர் குடிப்பெயரையும் பூண்டு எஸ்தர் பாக் எனப்பட்டார். 1900-இல் பால்டிமோர் நகர்ப் பெண்கள் மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்று, மேனாட்டு மருத்துவம் பயின்ற முதற் கொரியப் பெண்மணியாகத் தாய்நாடு மீண்டு, 1910-இல் மறையும்வரை நோயாளருக்குத் தொண்டு புரிந்தார். ஒரே வாழ்வில் அவர் தாங்கிய பெயர்கள், ஒரு காலம் மறைந்து மற்றொரு காலம் தோன்றியமைக்குச் சான்றாகும். 1909-இற் குடிப்பதிவுச் சட்டம் வந்தபோது பெண்டிர் பெயரும் பதிவேட்டில் எழுதப்பட வேண்டியதாயிற்று. எழுதுவதற்கு முறையான பெயர் இல்லாத பெண்டிர் அப்போது பலர் இருந்தனர்.

யொங்ஜா, யொங்ஸுக், ஜியொங்

பெண்மக்களுக்குப் பெயர் பதிவான மறு ஆண்டிலேயே, அஃதாவது 1910-இல், கொரியா ஜப்பானியர் ஆட்சிக்கு உட்பட்டது. அவ்வாட்சியிற் பிறந்த பெண்களின் பெயர்களிற் பல 'ஜா' என்று முடியும். யொங்ஜா, ஸுன்ஜா, ஜொங்ஜா முதலியன அவ்வகையின. 'ஜா' என்னும் எழுத்துக்குக் குழந்தை என்பது பொருள். பழஞ்சீனத்தில் அது கன்பூசியர் போன்ற பேராசிரியர் பெயரின் ஈற்றில் மதிப்புக் குறியாகவும் வந்தது. ஜப்பானில் உயர்குலப் பெண்டிர் பெயரில் 'கோ' என்னும் ஒலியோடு வழங்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டுப் பொதுமக்களிடையும் பரவிற்று. கொரியப் பெற்றோர் அதே எழுத்தைத் தம் ஒலிப்படி 'ஜா' என்று கொண்டனர். 1940-களில் யொங்ஜா என்பது மிகப் பெருவழக்கான பெயர்களுள் ஒன்று. நம் ஆராய்ச்சிக்குரிய 'யொங்' என்னும் அசை அங்கே முதலில் நிற்றலை நோக்குக.

1940-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்த ஆணையொன்று கொரியர் அனைவரும் ஜப்பானிய முறையிற் குடும்பப் பெயர் பூணவேண்டும் என்று விதித்தது. ஆறு திங்களுக்குள் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பது குடும்பங்கள் புதுப்பெயரைப் பதிந்துகொண்டன. பதியாதவர்க்குப் பள்ளி, பணி, பங்கீடு ஆகிய வாயில்கள் இடர்ப்பட்டன. யொன்ஹுயி என்னும் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்ற இளங்கவிஞர் யுன் தொங்ஜு, ஜப்பானுக்குச் சென்று மேற்கல்வி கற்கும் பொருட்டு 1942 ஜனவரியில் ஜப்பானியக் குடும்பப் பெயரைத் தம் கல்லூரியிற் பதிய நேர்ந்தது. சின்னாட்களுக்கு முன் அவர் எழுதிய கவிதையொன்று கழிவிரக்கத்தின் உருவாகவே அமைந்தது. 1945 பிப்ரவரியில், நாடு விடுதலை பெறுதற்கு ஆறு திங்கள் முன், ஜப்பானியச் சிறையில் அவர் உயிர் நீத்தார். இன்று அவர் கவிதைகளைக் கற்போர் அனைவரும் அவரை யுன் தொங்ஜு என்றே அறிவர். பழைய பெயர்களை மீட்டுத் தரும் ஆணை 1946 அக்டோபரிற் பிறந்தது.

விடுதலைக்குப்பின் 'ஜா' என்னும் ஈறு படிப்படியாக வழக்கு வீழ்ந்தது. அதன் இடத்திற்கு 'ஸுக்' முதலிய ஈறுகள் வந்தன. 1950-களில் யொங்ஸுக் என்பது பெருவழக்காயிற்று. 'ஸுக்' என்பது அடக்கமும் தூய ஒழுக்கமும் உடைமை. 'ஸுன்' என்பது பணிவு. மகளிடத்திற் பெற்றோர் எதிர்பார்த்தவை எவை என்பதனை இவ்வெழுத்துக்களே கூறிவிடும். ஆண்மகவை வேண்டிநின்ற வீடுகளில் மகளுக்கு இட்ட பெயர்கள் இன்னும் வெளிப்படையானவை. 'இறுதி மகள்' என்று பொருள்படும் 'மால்ஜா' என்பதும், 'அடுத்தது ஆண்' என்று பொருள்படும் 'ஹுநாம்' என்பதும் அத்தகையன. அப்பெயர்களில் வேண்டுதல் இருந்தது. ஆனால் அவ்வேண்டுதல் பெயர் தாங்கியவளுக்காக அன்று. நம் நாட்டிற் 'போதும்பொண்ணு' என்னும் பெயரைக் கேட்டறிந்தார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இனி 1970-களுக்கு வருவோம். பெண்கள் பள்ளிக்குச் செல்லுதல் பொதுவழக்கான காலம் அது. 'ஸுக்', 'ஸுன்' என்பன பின்னிடைய, ஜியொங், ஜிஹே, ஜிஉன், ஜிஹ்யொன் என 'ஜி' முன்னிற்கும் பெயர்கள் பெருகின. யொங்ஜா, யொங்ஸுக், ஜியொங் என்னும் மூன்றனையும் ஒருசேர நிறுத்திக் காண்க. 'யொங்' மூன்றிலும் உண்டு. தாயின் பெயரிலிருந்து மகளின் பெயருக்கு அது வழிவழி வந்தது. முதற்பெயரில் அயலார் காலத்து ஈறு. இரண்டாவதில் அடக்கத்தை வேண்டும் ஈறு. மூன்றாவதில் அவ்வீறுகள் ஒழிந்து, ஞானமும் உள்ளக்கோளும் முன்வந்து நிற்கின்றன. 'நீ பணிந்திரு' என்று கூறிய பெயர்கள் போய், 'நீ அறிவாயாக, நீ மலர்வாயாக' என்று கூறும் பெயர் வந்தது. யொங்ஸுக் என்னும் பெயருடைய தாய் ஒருத்தி தன் மகளுக்கு ஜியொங் என்று பெயரிட்டபோது, தனக்குக் கிட்டாத ஒன்றை அம்மகளுக்கு வழங்கினாள் என்று நாம் கூறுதல் மிகையாகாது. இப்பெயரை ஆண்மக்களுக்கு இடுதலும் உண்டு என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. மகனுக்கும் மகளுக்கும் ஒருங்கே ஏற்ற வாழ்த்தாக அது அமைந்தது.

பெயர் பெற்றும் பெறாத நிலை

ஆயினும் வாழ்த்து ஒருபாலும் வாழ்க்கை மற்றொருபாலும் நின்றன. மகளுக்கு நற்பெயர் இடும் வழக்கம் பரவிய அதே காலத்தில், மகள் பிறவாதிருக்க வழிதேடினாரும் பெருகினர். 1990-இல் தென் கொரியாவில் நூறு பெண்மகவுகளுக்கு 116.5 ஆண்மகவுகள் பிறந்தன என்று கணக்குக் கூறும். இயற்கையில் அவ்வெண் 105-ஐ ஒட்டியிருக்கும். மிகுந்து நிற்கும் வேறுபாடு, பெயரிடப் பெறாமலே மறைந்த பெண்மக்களின் கணக்காகும்.

2016-இல் சோ நாம்ஜு என்னும் பெண் எழுத்தாளர், 1982-இற் பிறந்த கிம் ஜியொங் என்பாளின் பெயரையே தலைப்பிற் கொண்ட புதினமொன்றை வெளியிட்டார். அத்தலைமுறைப் பெண்களிடையே மிகுதியாக வழங்கிய பெயரையும், நாட்டில் மிகப் பெரிய குடியின் பெயரையும் தேர்ந்து அவர் தம் தலைவிக்கு இட்டார். அவளுக்கு நேர்வன ஒருத்திக்கு மட்டும் உரியன அல்ல என்பதனை அப்பெயரே சொல்லிவிடுகின்றது. பள்ளியிலும் பணியிடத்திலும் மணவாழ்விலும் அவள் சிறிது சிறிதாகத் தன் குரலை இழக்கின்றாள். 2018 நவம்பருக்குள் அந்நூல் பத்து லட்சம் படிகள் விற்பனையாயிற்று. 2019-இல் திரைப்படமாகவும் வந்தது. அதனைப் போற்றியோர் பலர். வெகுண்டு எதிர்த்தோரும் பலர். ஒரு நாட்டின் மிக எளிய பெயர் அந்நாட்டார் அனைவரையும் வாதிடச் செய்தது.

கொரிய இல்லங்களில் தாயைப் பிள்ளையின் பெயரால் அழைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. 1982-இல் ஒரு தெருவில் 'ஜியொங் தாயே' என்று அழைக்கப்பட்டவளுக்கு யொங்ஸுக் என்னும் சொந்தப் பெயர் இருந்ததனை அயலார் அறியார். அந்த ஜியொங் வளர்ந்து தாயானபோது, அவளும் தன் மகவின் பெயராலேயே அழைக்கப்பட்டாள். ஞானமும் மலரும் எழுதிய பெயர் பதிவேட்டில் உறங்க, வேறொருவர் பெயர் அவளைச் சுட்டிற்று. பெயர் இடப்பெறுதல் ஒன்று. அப்பெயரால் அழைக்கப்பெறுதல் மற்றொன்று என்பது இதனால் விளங்கும்.

சட்டம் மெல்லத் திருந்திற்று. ஆடவனையே குடும்பத் தலைவனாகக் கொண்டு பெண்ணைத் தந்தை, கணவன், மகன் என்பாருள் ஒருவர்கீழ்ப் பதியும் முறை 2005-இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தால் ஒவ்வாதெனத் தீர்க்கப்பட்டு, 2008 ஜனவரி முதல் நாளன்று ஒழிந்தது. மணப்பதிவின்போது இருவரும் இசையின், பிறக்கும் மகவு தாயின் குடிப்பெயரைப் பெறலாம் என்னும் விதியும் உடன் வந்தது. 2005-இலேயே உச்ச நீதிமன்றம், தக்க காரணமுடையார் பெயர் மாற்றிக்கொள்வதைப் பெரிதும் தடுத்தலாகாது என்று தீர்ப்பளித்தது. இகழ்ச்சிப் பெயர்களைச் சுமந்த பெண்டிர் முதுமையிலும் தமக்கு விருப்பமான பெயரைத் தாமே தேர்ந்துகொள்ளும் வழி அகன்றது.

தாய்மொழிப் பெயர்கள்

மற்றொரு திசையிலும் மாறுதல் நிகழ்ந்தது. 1443-இல் செஜோங் மன்னர் வகுத்து 1446-இல் நாட்டிற்கு வழங்கிய ஹாங்குல் எழுத்து, எளிய மக்கள் ஒரு நாளிலும் சில நாளிலும் கற்கத்தக்கது. ஆயினும் நெடுங்காலம் பெயர்களின் உட்பொருள் சீன எழுத்திலேயே அடங்கிக் கிடந்தது. 1960-களிலிருந்து கல்லூரி மாணவரிடையே தாய்மொழிப் பெயர் இடும் ஆர்வம் தோன்றிற்று. வானம் என்று பொருள்படும் 'ஹானுல்', பனித்துளி என்னும் 'ஈஸுல்', பயன்நிறைவு என்னும் 'போராம்' முதலியன அவ்வாறு எழுந்தன. 'ஸுல்கி' என்பதும் அவற்றுள் ஒன்று. அதன் பொருள் ஞானம். 'ஜி' என்னும் சீன எழுத்துக் கூறுவதனையே அது தாய்மொழியிற் கூறுகின்றது. இப்பெயர்களின் பொருளை அறிய எழுத்தைக் கேட்க வேண்டுவதில்லை; கேட்ட அளவில் விளங்கும். ஆனால் அனைவர்க்கும் ஒரே பொருள். 'ஜியொங்'கில் உள்ள மறைபொருள் இன்பம் அங்கில்லை. இரண்டும் இரண்டு வகைச் சிறப்பு.

2000-க்குப் பின் பிறந்த மக்களிடையே வேறு பெயர்கள் முன்னேறி வந்துவிட்டன. பெயர்களுக்கும் பருவம் உண்டு. ஜியொங் என்னும் பெயரைக் கேட்டவுடன் கொரியர் இன்று இளஞ்சிறுமியை நினையார். நாற்பதைக் கடந்த ஒரு பெண்மணியை நினைப்பர்.

இவ்வாராய்ச்சியால் நாம் அடையும் பயன் யாது? பெயரின் பொருளை ஒலியிலோ அகராதியிலோ முழுதும் காண இயலாது என்பது ஒன்று. ஒரே பெயருடைய நூறு பேருக்கு நூறு வீடுகளில் நூறு வகையாக எழுத்துக்கள் தேரப்பட்டிருக்கலாம். அத்தேர்வில் ஒரு பாட்டனாரின் கணிப்போ ஒரு தாயின் மறைந்த விருப்பமோ பொதிந்திருக்கலாம். மற்றொன்று இன்னும் பெரியது. நல்ல பெயரை வழங்குவதோடு பெற்றோர் கடமை முடியினும் சமுதாயத்தின் கடமை முடிவதில்லை. ஞானம் என்றும் மலர் என்றும் பெயரிட்டு அழைத்தவளை அறியவும் மலரவும் விடுதல் வேண்டும். பல நாட்டு மாணவரோடு பழகும் வாய்ப்பு நம் மாணவர்க்கு இக்காலத்திற் பெருகி வருகின்றது. கொரிய நாட்டு ஜியொங் ஒருத்தியைக் காண நேரின், அவள் பெயருக்குப் பொருள் இதுவென்று நாமே முந்திக் கூறாது, 'எவ்வெழுத்து?' என்று வினவுவோமாக. அவ்வொரு வினாவில், ஆயிரம் பேருள் ஒருத்தியாகிய அவள் தன் பெற்றோர் எழுதிய அந்த ஒருத்தியாக நம்முன் நிற்பாள்.